தாயில்லாப் பூனைக்குட்டியா? முதலில் சூடு... அப்புறம்தான் பால்!

'குடும்ப ஆரோக்கியத்தைப் பத்தி எழுதுற பத்திரிகையில பூனைக்குட்டிக்கு என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. வீட்டுக்குள் ஓர் உயிர் வந்துவிட்டால், அது நம் அடுப்படி, நம் படுக்கை, நம் குழந்தைகளின் கை என்று எல்லாவற்றோடும் சம்பந்தப்பட்டுவிடுகிறது. அதைச் சரியாகப் பார்த்துக்கொள்வது அதற்கும் நல்லது, நமக்கும் நல்லது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஆரம்பித்தால் கடலூர், சிதம்பரம் பக்கத்தில் இது சகஜம். முதுநகர் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களிலும் சரி, சிதம்பரம் தேரோடும் வீதிகளுக்குப் பின்னால் இருக்கும் பழைய ஓட்டு வீடுகளிலும் சரி, பூனைகளுக்குப் பஞ்சமில்லை. மழைக்கு ஒதுங்கும் தாய்ப் பூனை விறகு அடுக்கிலோ, பரணிலோ, சாக்கு மூட்டைக்குப் பின்னாலோ குட்டி போட்டுவிடும். அப்புறம் தண்ணீர் ஏறும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015-ல் நவம்பர், டிசம்பர் வெள்ளம், 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல்... இந்த மாவட்டத்து ஜனங்கள் பார்க்காத மழையா? மனிதர்களே வீட்டை விட்டுக் கிளம்பும் நாட்களில், தாய்ப் பூனையும் குட்டியும் பிரிந்துபோவதில் ஆச்சரியமில்லை. மழை விட்டதும், கண் திறக்காத ஒரு குட்டியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு உங்கள் பிள்ளை வாசலில் வந்து நிற்பான். "அம்மா, பாவம்மா... பால் குடும்மா!"

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். இப்படி வீட்டுக்கு வரும் குட்டிகளில் பல, பட்டினியால் சாவதில்லை. நாம் காட்டும் அவசர இரக்கத்தால் சாகின்றன. அவசரம் இரண்டு விதம். ஒன்று, தாய் இருக்கும்போதே குட்டியைத் தூக்கி வந்துவிடுவது. இரண்டு, ஜில்லிட்டுப் போன குட்டியின் வாயில் உடனே பாலை ஊற்றுவது. இந்த இரண்டையும் தவிர்த்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

நிஜமாகவே தாய் இல்லையா?

'பூனை குட்டி போட்டா ஏழு வீடு மாத்தும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஏழு என்ற கணக்கை விடுங்கள். பூனை இடம் மாற்றுவது உண்மை. ஒரு நேரத்தில் ஒரு குட்டியைத்தான் கவ்விக்கொண்டு போக முடியும். நாலு குட்டி என்றால் நாலு நடை. நடுவில் நீங்கள் பார்த்தால், 'ஐயோ, ஒத்தைக் குட்டியை விட்டுட்டுப் போயிடுச்சே' என்றுதான் தோன்றும். இரை தேடவும் தாய் சில மணி நேரம் வெளியே போய்விடும்.

குட்டிகளைத் தொடாமல் பாருங்கள். வயிறு உருண்டையாக, உடம்பு சுத்தமாக, ஒன்றன் மேல் ஒன்று படுத்துச் சத்தமில்லாமல் தூங்கினால், தாய் பக்கத்தில்தான் இருக்கிறது. இடைவிடாமல் கத்தினால், வயிறு ஒட்டியிருந்தால், உடம்பெல்லாம் அழுக்காக இருந்தால் சந்தேகப்படலாம்.

தாய் வந்து போகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி. குட்டிகளைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளி, மெல்லிசாகக் கோலப்பொடி தூவுங்கள். கல்மாவுக் கோலப்பொடியாக இருக்கட்டும். அரிசி மாவு வேண்டாம், எறும்பு வந்துவிடும். பிறகு விலகிப்போய் இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பொடியில் பாதம் பதிந்திருந்தால் வேலை முடிந்தது, உங்கள் உதவி தேவையில்லை. நீங்கள் அங்கேயே நின்றால் தாய் வராது.

மழை கொட்டுகிறது, தண்ணீர் ஏறுகிறது, தெருநாய் சுற்றுகிறது, எறும்பு மொய்க்கிறது என்றால் காத்திருக்கக் கூடாது. அதே இடத்துக்குப் பக்கத்தில், காய்ந்த மேடான இடத்தில் ஓர் அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள். மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் ஒதுக்கிவிடும் என்பார்களே... பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. குட்டியின் சத்தம் கேட்டால் தேடி வந்து எடுத்துக்கொண்டு போய்விடும்.

குட்டி தொட்டால் ஜில்லென்று இருந்தால் மட்டும் இந்தக் காத்திருப்பு கூடாது. முதலில் சூடேற்றுங்கள். தாயை அப்புறம் தேடலாம்.

தொட்டுப் பாருங்கள்... சூடு இருக்கிறதா?

பெரிய பூனையின் உடம்புச் சூடு சுமார் 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட். பிறந்த முதல் வாரத்துக் குட்டிக்கு 95 முதல் 98 டிகிரிதான். அந்தச் சூட்டையும் அது தானாகக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. குளிரில் நமக்கு உடம்பு நடுங்குகிறதே, அது சூடு உண்டாக்கும் ஏற்பாடு. முதல் சில நாட்களுக்குப் பூனைக்குட்டிக்கு நடுங்கக்கூடத் தெரியாது! தாயின் வயிறும், கூடப் பிறந்தவர்களின் உடம்பும்தான் அதற்குக் கம்பளி.

முதல் வாரத்தில் குட்டி படுக்கும் இடத்தில் 30 முதல் 32 டிகிரி சென்டிகிரேடு சூடு வேண்டும். மார்கழி மழை இரவில் நம்ம ஊரில் 22, 23 டிகிரிக்கு இறங்கும். நமக்கு சுகமான தூக்கம். ஒத்தைக் குட்டிக்கு அது உயிர் போகிற குளிர்.

சோதிப்பது எப்படி? உங்கள் சுண்டு விரலைக் கழுவித் துடைத்து, குட்டியின் வாய்க்குள் லேசாக வையுங்கள். வாய் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஜில்லென்று இருந்தால் ஆபத்து. அப்போது பால் கொடுக்கவே கூடாது. உடம்பு 95 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் குடல் வேலை செய்வது நின்றுபோகும். உள்ளே போன பால் ஜீரணமாகாமல் அப்படியே தங்கிக் கெட்டுப்போகும். விழுங்கவும் தெம்பு இல்லாததால் பால் மூச்சுக்குழாயில் போய் நுரையீரலில் சேரும். 'பால் குடிச்சுது, ராத்திரியே செத்துப் போச்சு' என்கிற கதைகளில் பல இப்படித்தான்.

ஈரத்தைத் துடைத்து, குட்டியைப் பழைய காட்டன் துணியில் சுற்றி, உங்கள் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் மெதுவாகச் சூடு ஏறட்டும். அவசரப்பட்டு அடுப்புப் பக்கத்தில் வைப்பது, வெந்நீரில் முக்குவது, ஹேர் ட்ரையர் பிடிப்பது எல்லாம் வேண்டாம். துவண்டு கிடந்தால், குளுக்கோஸ் தண்ணீரை விரலில் தொட்டு ஈறில் லேசாகத் தடவலாம். அப்படியே டாக்டரிடம் கிளம்புங்கள்.

பிறகு படுக்கை. உயரமான அட்டைப் பெட்டி ஒன்று, அதில் பழைய வேட்டி அல்லது காட்டன் புடவை. பாட்டிலில் வெந்நீர் ஊற்றி இறுக மூடி, துண்டால் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். மறுபாதி காலியாக இருக்கட்டும். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக இடம் வேண்டுமல்லவா? மழை நாளில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. ஆகவே பல்பை விட வெந்நீர் பாட்டிலை நம்புங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்ற வேண்டும். இரண்டாவது வாரத்தில் 27 முதல் 29 டிகிரி போதும். அக்னி நட்சத்திர வெயிலில் கதை வேறு. பாட்டிலே வேண்டாம், காற்றோட்டமான நிழல் போதும்.

எறும்புதான் நம்ம ஊரில் பெரிய எதிரி. பெட்டியை அகலமான ஸ்டூல் மேல் வைத்து, ஸ்டூலின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். எறும்புப் பொடியும் எறும்புச் சாக்பீஸும் பெட்டிப் பக்கம் வரவே கூடாது. அதிலுள்ள பூச்சி மருந்து பூனைக்கு விஷம். கொசுவுக்குச் சுருள் கொளுத்தாமல், பெட்டியின் மேல் ஒரு வலைத்துணி கட்டிவிடுங்கள்.

எந்தப் பால்? எவ்வளவு?

குட்டி போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் வேறு பூனை அக்கம்பக்கத்தில் இருந்தால், அதுதான் முதல் வழி. அதன் குட்டிகள் படுத்த துணியால் அநாதைக் குட்டியைத் துடைத்து, அந்தக் குட்டிகளோடு சேர்த்துவிட்டால் பல பூனைகள் ஏற்றுக்கொள்ளும். தாயும் குட்டிகளும் நோயில்லாமல் இருக்க வேண்டும். முதல் முறை விடும்போது பக்கத்திலேயே இருந்து பாருங்கள்.

அப்படி இல்லையென்றால், பூனைக்குட்டிகளுக்கென்றே தயாராகும் பால் பவுடர் வேண்டும். கே.எம்.ஆர். போன்றவை செல்லப்பிராணிக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. 'வீட்டுல பசும்பால் இருக்கே?' என்றால், போதாது. பூனைப் பாலில் புரதம் ஏறத்தாழ 7 சதவிகிதம். பசும்பாலில் அதில் பாதிதான். அதிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையும் குட்டிக்கு ஒத்துக்கொள்ளாமல் பேதியாகும். 100 கிராம் உடம்புக்குப் பேதி என்றால் சின்ன விஷயமா? நம் குழந்தைகளின் பால் பவுடரும் பூனைக்கு ஏற்றதல்ல. பவுடர் வந்து சேரும்வரை ஒரு நாள் சமாளிக்க வேண்டுமென்றால், காய்ச்சி ஆறவைத்த ஆட்டுப்பால் பசும்பாலை விடப் பரவாயில்லை. அதையே வாரக்கணக்கில் தொடராதீர்கள்.

அளவு? 100 கிராம் எடையுள்ள குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 20 மில்லி. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு இரண்டரை மில்லி. 200 கிராம் ஆனதும் நாளைக்குச் சுமார் 40 மில்லி. ஒரே வேளையில், 100 கிராம் எடைக்கு 4 மில்லிக்கு மேல் போகாதீர்கள். அந்த வயிறு அவ்வளவுதான் கொள்ளும்.

நேரம்? முதல் வாரம் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம், ராத்திரியும் சேர்த்து! இரண்டாம் வாரம் மூன்று, நாலு மணி நேரம். மூன்றாம் வாரம் நாலு, ஐந்து மணி நேரம். வீட்டில் முறை போட்டுக்கொள்ளுங்கள். ஒருவரே தூக்கம் கெட்டால் இரண்டாவது நாளே அலுப்பு வந்துவிடும்.

குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி கொடுக்காதீர்கள்!

இதுதான் எல்லோரும் செய்கிற தவறு. கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துப் பாலாடையில் புகட்டிப் பழகிய கை, பூனைக்குட்டியையும் மல்லாக்கப் பிடிக்கும். கூடாது! தாயிடம் குடிக்கும்போது குட்டி எப்படிப் படுத்திருக்கும்? குப்புறத்தான். அதே மாதிரி ஒரு துண்டின் மேல் குப்புறப் படுக்கவைத்து, தலையை மட்டும் லேசாக உயர்த்துங்கள். பாலாடை, சங்கு, ஸ்பூன் எதுவும் வேண்டாம். சின்ன நிப்பிள் போட்ட பூனைக்குட்டி பாட்டில் நல்லது. அது கிடைக்காவிட்டால் ஊசி இல்லாத 1 அல்லது 2 மில்லி சிரிஞ்ச். சிரிஞ்சை அழுத்திப் பீய்ச்சாதீர்கள். ஒவ்வொரு சொட்டாக விட்டு, அது விழுங்கியதும் அடுத்த சொட்டு.

பால் வெதுவெதுப்பாக இருக்கட்டும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் சுடவும் கூடாது, ஜில்லென்றும் இருக்கக் கூடாது. மூக்கு வழியாகப் பால் வந்தால் உடனே நிறுத்தித் தலையைச் சற்றுத் தாழ்த்தித் துடையுங்கள். குடித்ததும் தோளில் சாய்த்து முதுகை லேசாகத் தட்டுங்கள். மீந்த பாலைக் கொட்டிவிட வேண்டும். பாட்டில், நிப்பிள், சிரிஞ்ச் ஒவ்வொரு தரமும் கழுவி வெந்நீரில் போட வேண்டும். குட்டி சப்பவே இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். அது டாக்டர் குழாய் வழியாகக் கொடுக்க வேண்டிய நிலை.

பால் கொடுத்தாச்சு... இன்னொரு வேலை பாக்கி!

மூன்று வாரம் வரை பூனைக்குட்டிக்குத் தானாகச் சிறுநீரோ மலமோ போகத் தெரியாது. தாய் நாக்கால் நக்கித் தூண்டிவிட்டால்தான் போகும். அந்த நாக்கின் வேலையை நீங்கள் பஞ்சால் செய்ய வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால், ஒவ்வொரு வேளையும் பாலுக்கு முன்போ பின்போ, வயிற்றின் கீழ்ப்பக்கத்திலும் ஆசனவாயிலும் மென்மையாகத் தடவுங்கள். அரை நிமிஷத்தில் போய்விடும். பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். இது தெரியாமல், பால் மட்டும் ஒழுங்காகக் கொடுத்தும் வயிறு உப்பிச் சாகும் குட்டிகள் உண்டு.

இன்னொன்று, தராசு. கிராம் காட்டும் சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து, நோட்டில் எழுதுங்கள். பிறக்கும்போது சுமார் 100 கிராம். தினமும் 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். இரண்டு வாரத்துக்குள் இரண்டு மடங்காகிவிடும். ஒரு நாள் ஏறாவிட்டால் கவனியுங்கள். இறங்கினால் டாக்டரிடம் போங்கள். குட்டி பார்க்கத் துறுதுறுவென்று இருக்கும்போதே, உள்ளே ஏதோ சரியில்லை என்று முதலில் சொல்வது இந்த எடைதான்.

வாரம் வாரமாக என்ன நடக்கும்?

முதல் வாரம்: கண் மூடியிருக்கும், காது மடிந்து ஒட்டியிருக்கும். ஆனால் மூக்கு பிறந்ததிலிருந்தே வேலை செய்கிறது. மோப்பத்தையும் சூட்டையும் வைத்துத்தான் தாயைத் தேடி நகரும். மூன்றிலிருந்து ஐந்து நாளில் தொப்புள்கொடி தானாக விழும். இழுக்காதீர்கள்.

இரண்டாம் வாரம்: 7 முதல் 14 நாளுக்குள் கண் திறக்கும். ஒரே நாளில் திறக்காது. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். விரலால் பிரித்துப் பார்க்கவே கூடாது. இமை வீங்கிச் சீழ் தெரிந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். காதும் இந்த வாரத்தில் திறக்கும். எல்லாக் குட்டிக்கும் இப்போது கண் நீலமாகத்தான் இருக்கும்.

மூன்றாம் வாரம்: தள்ளாடி நிற்கும், நாலு அடி வைத்து விழும். முன் பற்கள் எட்டிப் பார்க்கும். பஞ்சு வைத்தியத்துக்கு விடை கொடுக்கலாம். தாழ்வான தட்டில் மணல் போட்டுவைத்தால் தானே தோண்டிப் பழகும்.

நாலாம் வாரம்: கோரைப்பல் வரும், விளையாட்டு ஆரம்பம். உங்கள் கால் விரல்தான் முதல் எலி!

ஐந்தாம், ஆறாம் வாரம்: ஓடும், தாவும், தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். ஏழாம் வாரத்துக்குள், கீழே விழும்போது உடம்பைத் திருப்பிக் காலில் நிற்கும் வித்தை கைவந்துவிடும். கண்ணின் உண்மை நிறமும் தெரிய ஆரம்பிக்கும்.

எட்டாம் வாரம்: எடை முக்கால் கிலோவுக்கு மேல் இருக்கும். புது வீட்டுக்குக் கொடுப்பதானால் இதற்கு முன்னால் கொடுக்காதீர்கள்.

இந்த நாட்களில் உடம்பு மட்டும் வளரவில்லை, குணமும் வளர்கிறது. அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் என்ற பேராசிரியை 1980-களில் செய்த ஆய்வுகளில், இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதர்கள் கையில் எடுத்துப் பழகிய குட்டிகள்தான் பிற்காலத்தில் மனிதர்களோடு ஒட்டுதலாக இருந்தன. அதே சமயம், ஒத்தைக் குட்டியாக வளர்வது, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று தெரியாமலே வளரும். அதைக் கூடப் பிறந்தவைதான் கற்றுக்கொடுக்கும். முடிந்தால் இரண்டு குட்டிகளாக வளருங்கள். ஒன்றுதான் என்றால் கையை விளையாட்டுப் பொருளாக்காதீர்கள். துணிப்பந்து கொடுங்கள்.

பூனைக்குட்டி சொல்லித்தந்த கண் பாடம்

கண் திறந்தால் மட்டும் பார்வை வந்துவிடுமா? டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1960-களில் பூனைக்குட்டிகளை வைத்து ஆராய்ந்தார்கள். வளரும் பருவத்தில் ஒரு கண் சில வாரங்கள் மூடியே இருந்தால், பிறகு திறந்தாலும் அந்தக் கண்ணால் சரியாகப் பார்க்க முடியவில்லை. கண்ணில் கோளாறு இல்லை. அந்தக் கண் வழியாகப் பார்க்க மூளை கற்றுக்கொள்ளவில்லை! கற்கும் காலம் தாண்டிவிட்டது. 1981-ல் அவர்கள் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதில் நமக்குப் பாடம் உண்டு. குழந்தைக்குப் பிறவியிலேயே கண்ணில் வெள்ளை தெரிந்தாலோ, மாறுகண் இருந்தாலோ, 'பெரிசானா சரியாப் போயிடும்' என்று காத்திருக்காதீர்கள். உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

தயிர்சாதம் போதுமா?

நாலாவது வாரம் முடிகிற சமயத்தில் திட உணவு. பூனைக்குட்டிகளுக்கான ஈர உணவைக் கலக்கிய பாலில் குழைத்துத் தட்டில் வையுங்கள். தோல், எலும்பு இல்லாத வேகவைத்த கோழி, முள் எடுத்த வேகவைத்த மீன் கொஞ்சம் மசித்துச் சேர்க்கலாம். உப்பு, வெங்காயம், பூண்டு, மசாலா கூடாது. பச்சை மீன் வேண்டாம். சில வகை மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் உண்டு. வேகவைத்தால் அது போய்விடும்.

'எங்க வீட்டுப் பூனை தயிர்சாதம் சாப்பிட்டே பத்து வருஷம் இருந்ததே' என்பார்கள். இருந்திருக்கும். அது கொல்லையில் எலியும் பல்லியும் பிடித்ததை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை! பூனைக்கு டாரின் என்ற சத்து அவசியம். அது மாமிசத்தில்தான் கிடைக்கும். குறைந்தால் கண் பார்வை போகும், இதயமும் கெடும். சைவ வீட்டில் வளர்ப்பவர்கள் கடையில் விற்கும் பூனை உணவைக் கொடுத்துவிடலாம்.

டாக்டரிடம் எப்போது?

இரண்டு வாரம் ஆனதும் குடற்புழு மருந்து ஆரம்பிக்க வேண்டும். எந்த மருந்து, எத்தனை சொட்டு என்பதை எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி. பிறகு மூன்று, நாலு வாரத்துக்கு ஒரு தரம் 16 வாரம் வரை. மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி. பிறந்த முதல் நாள் சீம்பாலில்தான் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போகிறது. அது கிடைக்காத குட்டிக்குச் சளி, பேதி சுலபமாகத் தொற்றும்.

இடைவிடாத அழுகை, துவண்டு கிடப்பது, பால் மறுப்பது, பேதி, மூச்சில் சத்தம், ஈறு வெளுத்துப்போவது... இதில் எது இருந்தாலும் அன்றே போங்கள். தெள்ளுப்பூச்சி ரத்தம் குடித்தே இத்தனை சின்னக் குட்டிக்கு ரத்தசோகை வரும். மருந்து போடாமல் நெருக்கமான பல் சீப்பால் வாரி எடுங்கள்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் பக்கம்தான்.

கைவைத்தியம் மட்டும் வேண்டாம். பாராசிட்டமால் ஒரு சொட்டுகூடக் கூடாது. பூனையின் ஈரலால் அதை முறித்து வெளியேற்ற முடியாது, உயிருக்கே ஆபத்து. நாய்க்குப் போடும் உண்ணி மருந்து, கருப்பு பினாயில் இரண்டும் அதே மாதிரி விஷம்தான்.

நம் வீட்டாருக்கு?

குட்டியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது முதல் விதி. எந்தப் பூனை கடித்தாலும் பிராண்டினாலும், அது சின்னக் குட்டியே ஆனாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக் கட்ட வேண்டாம்.

கர்ப்பிணிகள் பூனையின் மலத்தை அள்ள வேண்டாம். டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கலாம். பூனையின் மலத்தில் வெளிவந்ததும் அது உடனே தொற்றாது. ஒரு நாளாவது ஆக வேண்டும். ஆகவே மணல் தட்டை வீட்டில் வேறொருவர் தினமும் சுத்தம் செய்துவிட்டால் போதும். கர்ப்பம் என்பதற்காகப் பூனையை வீட்டை விட்டுத் துரத்த வேண்டியதில்லை. குட்டிக்கு வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரையாக இருக்கலாம். அது குழந்தைகளுக்கும் ஒட்டும். குட்டியைக் காட்டி மருந்து வாங்குங்கள்.

பிழைக்காவிட்டால்...?

எல்லாம் சரியாகச் செய்தும் சில குட்டிகள் பிழைக்காது. சீம்பால் கிடைக்காதது, பிறவிக் கோளாறு, நம் கைக்கு வருமுன்பே பட்ட குளிர் என்று காரணம் பல. ராத்திரியெல்லாம் கண் விழித்த பிள்ளைக்கு இது பெரிய அடி. 'போனா போகுது, வேற குட்டி கொண்டு வரலாம்' என்று சொல்லாதீர்கள். 'தூங்கிடுச்சு' என்று பொய்யும் வேண்டாம். அப்புறம் பிள்ளை தூங்கவே பயப்படும். 'செத்துப் போச்சுப்பா. குளிர்ல கெடந்திருக்க வேண்டியது உன் கையில சூடா இருந்துச்சு' என்று உண்மையைச் சொல்லுங்கள். அவனையும் கூப்பிட்டுக்கொண்டு கொல்லையில் ஆழமாகப் புதையுங்கள். அழ விடுங்கள்.

பிழைத்துவிட்டதா? சந்தோஷம். ஆனால் நாலு, ஐந்து மாதத்திலேயே பெண் குட்டி சினைப்படும் வயதுக்கு வந்துவிடும். சுமார் 65 நாளில் மறுபடி குட்டிகள்! அதற்கு முன்பே டாக்டரிடம் கருத்தடை பற்றிக் கேட்டுவிடுங்கள். அடுத்த கார்த்திகை மழையில் இன்னும் நாலு குட்டிகள் அநாதையாகாமல் தடுப்பது அந்த ஒரு சின்ன ஆபரேஷன்தான்.

வெட்டி ஒட்டி வையுங்கள்

* தாய் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.
* வாய் ஜில்லென்றிருந்தால் சூடு மட்டும், பால் கூடாது.
* பூனைக்குட்டிப் பால் பவுடர், பசும்பால் அல்ல.
* குப்புறப் படுக்கவைத்தே பால்.
* ஒவ்வொரு வேளையும் பஞ்சால் தூண்டிவிட வேண்டும்.
* தினமும் எடை, இறங்கினால் டாக்டர்.